ஐரோப்பாவுக்கு ஆளுக்கு எவ்வளவு? இரவுகளை எண்ணாமல் தொகை சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர் பகுதியில் சில வாரங்களாக ஐரோப்பியப் பயணச் செலவு பற்றிக் கடிதங்கள் வருகின்றன. ஆளுக்குப் பத்தாயிரம் ரிங்கிட் போதும் என்கிறார் ஒருவர். இருபதாயிரம் இல்லாமல் அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எந்த மாதம், எந்த ஊரில் எத்தனை இரவு, பிள்ளைகளுக்கு என்ன வயது என்பதை இருவருமே எழுதவில்லை. இவை தெரியாமல் சொல்லும் தொகையை நம்பி ஊழியர் சேமநிதியில் எப்போதும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கில் கைவைப்பவர்கள் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறார்கள். ஆகவே ஒரு கணக்கை முழுதாகவே போட்டுக் காட்டுகிறோம்.

நகரம், ஏரி, மலை மூன்றும் வேண்டும் என்பவர்களுக்குச் சுற்றி வளைக்காத பாதை ஒன்று உண்டு. இத்தாலியின் மிலானில் இறங்கி 2 இரவு, கோமோ ஏரிக்கரையில் 2 இரவு, ரயிலில் ஆல்ப்ஸைக் கடந்து சுவிட்சர்லாந்தின் லுசேர்னில் 3 இரவு, கடைசியாகப் பாரிஸில் 3 இரவு, அங்கிருந்தே வீடு திரும்புதல். ஒரு நகரில் இறங்கி வேறொரு நகரிலிருந்து புறப்படும் டிக்கெட் பல சமயம் போய்வரும் டிக்கெட் விலையிலேயே கிடைக்கும். மிலானுக்கே திரும்பி வந்து விமானம் ஏறினால் ஒரு பகலும் நால்வரின் ரயில் காசும் வீண்.

கணக்கு, பெற்றோர் இருவர், 10, 14 வயதுப் பிள்ளைகள் இருவர் கொண்ட குடும்பத்துக்கு. ஒரு யூரோவுக்கு 5 ரிங்கிட், ஒரு சுவிஸ் பிராங்குக்கு 5.30 ரிங்கிட் என்று வைத்திருக்கிறோம். சந்தை விலை இதைவிடக் குறைந்தால் லாபம். கூடினால் கடைசியில் ஒதுக்கும் பத்து விழுக்காடு தாங்கும்.

விமானம் ஓர் இடத்தில் மாறிப் போவது, ஆளுக்கு 3,800 ரிங்கிட் வீதம் 15,200. தங்குமிடம் மிலானில் இரவுக்கு 150 யூரோ, ஏரிக்கரையில் 130, பாரிஸில் 190. ஏழு இரவுக்கு 1,130 யூரோ, அதாவது 5,650 ரிங்கிட். லுசேர்னில் சமையலறை உள்ள அறை 220 பிராங்க் வீதம் மூன்று இரவுக்கு 660 பிராங்க், ஏறக்குறைய 3,500 ரிங்கிட். தங்குபவர்களிடம் வாங்கும் ஊர் வரிக்கு 400. இத்தாலியில் ரயிலும் படகும் 900. சுவிஸ் ரயில் பாஸ் பெற்றோர் இருவருக்கு 3,130. சுவிஸ் எல்லை நகரான பாசலிலிருந்து பாரிஸுக்கு விரைவு ரயில் 1,250. பாரிஸ் மெட்ரோவும் விமான நிலைய ரயிலும் 750. சாப்பாடு இத்தாலியிலும் பாரிஸிலும் குடும்பத்துக்கு நாளுக்கு 100 யூரோ, சுவிட்சர்லாந்தில் 120 பிராங்க், மொத்தம் 5,410. நுழைவுக் கட்டணங்கள் 1,250. காப்புறுதி 500, கைப்பேசி டேட்டா 200, சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய் அங்கிருந்து கேஎல்ஐஏ விமான நிலையம் சென்று திரும்ப 500. கூட்டினால் 38,640 ரிங்கிட். இதில் பத்து விழுக்காட்டைத் தனியாக வைத்தால் 42,500. ஆளுக்கு 10,600 சொச்சம். கடைகளில் வாங்கும் பொருள்கள் இதில் இல்லை. யுங்ஃப்ராவ்யோக் போன்ற உயரமான மலை நிலையமும் இல்லை.

இந்தக் கணக்கில் எங்கே கத்தி வைப்பது என்பதுதான் கேள்வி. நம்மவர்கள் விமான டிக்கெட்டில் 200 ரிங்கிட் குறையுமா என்று மாதக்கணக்கில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். லுசேர்னில் ஓர் இரவு என்பது அறையும் சாப்பாடுமாக 340 பிராங்க், 1,800 ரிங்கிட். அதே இரவை ஏரிக்கரையில் கழித்தால் 230 யூரோ, 1,150 ரிங்கிட். இடம் மாறிய அந்த ஓர் இரவிலேயே 650 ரிங்கிட் மிஞ்சும். சுவிட்சர்லாந்தில் ஒரு நாள் குறைவதால் ரயில் பாஸும் நான்கு நாளிலிருந்து மூன்று நாளாகும்; அதில் இன்னொரு 540. மலைக்காக சுவிட்சர்லாந்து, ஏரிக்காக இத்தாலி என்று பிரித்துக்கொண்டால் பணம் தானாக அடங்கும். சுவிஸ் ஏரிகள் அழகில் குறைந்தவை என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை.

கோமோ ஏரி என்றதும் எல்லாரும் பெல்லாஜியோ, வரென்னா என்றுதான் அறை தேடுகிறார்கள். கோடையில் அங்கே விலை எகிறிவிடும். அதே ஏரியின் தென்கிழக்குக் கையில் லெக்கோ என்ற ஊர் இருக்கிறது. மிலானிலிருந்து விரைவான வட்டார ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அங்கிருந்து அதே பாதையில் இன்னும் அரை மணிக்குள் வரென்னா. வரென்னாவிலிருந்து பெல்லாஜியோவுக்கும் மெனாஜியோவுக்கும் படகு. லெக்கோவில் தங்கி, பகலில் வரென்னா போய்ப் படகேறி, இரவு திரும்பிவிடலாம். மறுநாள் மலையைக் கடக்க, இத்தாலிய எல்லை ஊரான திரானோ போகும் ரயிலும் லெக்கோ வழியாகத்தான் போகிறது.

இத்தாலிய வட்டார ரயிலில் முன்கூட்டி வாங்கினால் மலிவு என்பது கிடையாது. என்றைக்கும் ஒரே விலை. ஆகவே அவசரப்பட்டு வாங்கவேண்டாம். ஆனால் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்தவேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம், அங்கேயே அபராதம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலை நாளில் நடந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட ரயில்கள் ஓடியாகவேண்டும் என்பது விதி. மலையைக் கடக்கும் நாளில் அது வந்துவிட்டால் அந்தக் காலை நேர ரயிலைப் பிடியுங்கள்.

திரானோவிலிருந்து சுவிட்சர்லாந்தின் கூர் (Chur) நகருக்குப் போகும் பாதையின் பெரும்பகுதி 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெர்னினா கணவாயில் 2,253 மீட்டர் வரை ஏறி இறங்கும். கண்ணாடிக் கூரை போட்ட பெர்னினா எக்ஸ்பிரஸில் ஏற, பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி. தலைக்கு 30 பிராங்கும் அதற்கு மேலும் ஆகலாம். நால்வருக்கு 600 ரிங்கிட்டுக்கு மேல் போகும். அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயிலும் ஓடுகிறது. முன்பதிவு வேண்டாம், ஒருமுறை வண்டி மாறவேண்டும், அவ்வளவுதான். அதன் சில பெட்டிகளில் சன்னலைத் திறக்கவும் முடியும் என்பதால் படம் எடுப்பவர்களுக்கு அதுவே மேல். மேலும் இத்தாலிய ரயில் தாமதமானால் எக்ஸ்பிரஸில் பதிந்த இருக்கை போய்விடும். வட்டார ரயிலென்றால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். எங்களைக் கேட்டால் வட்டார ரயில்தான்.

இனி, மக்கள் அதிகம் குழம்பும் சுவிஸ் பாஸ் விவகாரம். 2025-ஆம் ஆண்டு விலைப்படி, தொடர்ந்து 3 நாள் செல்லும் சுவிஸ் டிராவல் பாஸ் இரண்டாம் வகுப்பில் 244 பிராங்க், 4 நாளுக்கு 295, 6 நாளுக்கு 379. இதற்குப் போட்டி அரைக்கட்டண அட்டை: 150 பிராங்க், ஒரு மாதம் செல்லும், பெரும்பாலான டிக்கெட்டுகள் பாதி விலை. எது லாபம் என்று பிறரைக் கேட்கத் தேவையில்லை. நீங்கள் போகப்போகும் ரயில், படகு, மலை ரயில் அனைத்தின் முழுக் கட்டணத்தையும் சுவிஸ் ரயில்வே தளத்தில் பார்த்துக் கூட்டுங்கள். நான்கு நாளில் அந்தத் தொகை 290 பிராங்கைத் தாண்டினால் பாஸ். தாண்டாவிட்டால் அரைக்கட்டண அட்டை. ஏனென்றால் 290-இல் பாதி 145, அதோடு அட்டை விலை 150 சேர்ந்தால் 295. திரானோவிலிருந்து லுசேர்ன், ஏரிப் படகோடு ரிகி மலை, இண்டர்லாக்கன் பக்கம் ஒரு நாள், கடைசி நாள் பாசல் என்று போட்டால் 290-ஐத் தாண்டிவிடும். அதனால்தான் மேலே உள்ள கணக்கில் பாஸைப் போட்டோம்.

யுங்ஃப்ராவ்யோக்கைச் சேர்த்தால் கணக்கு மாறும். 3,454 மீட்டரில் உள்ள அந்த நிலையத்துக்கு, கிரிண்டல்வால்டு, வெங்கன் ஆகிய மலை ஊர்களுக்கு மேலே பாஸுக்குக் கிடைப்பது 25 விழுக்காடு தள்ளுபடி மட்டுமே; அரைக்கட்டண அட்டைக்கு 50 விழுக்காடு. மேல்பகுதிக் கட்டணம் 200 பிராங்க் என்று வைத்தால், மற்றப் பயணங்களுக்கான அந்த 290 என்ற எல்லை 390 ஆகிவிடுகிறது. மலை ஒன்றுக்காக மட்டும் போகிறவர்கள் பாஸ் வாங்குவது நஷ்டம். ரிகி மலை பாஸிலேயே முழுதாக அடங்கும். அதன் உச்சி 1,798 மீட்டர், நம் கெந்திங் அளவு உயரந்தான். ஆனால் கெந்திங்கில் ஒரு சட்டையோடு நடமாடும் உயரத்தில் அங்கே மே மாதத்திலும் பனி கிடக்கக்கூடும். குளிர்ச்சட்டைகளை பழைய துணி விற்கும் நம்மூர் பண்டல் கடைகளில் பார்த்து வாங்கினால் போதும். கோலாலம்பூர் பேரங்காடியில் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கான அட்டையைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெற்றோரில் ஒருவரிடம் பாஸோ அரைக்கட்டண அட்டையோ இருந்தால், 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு சுவிஸ் குடும்ப அட்டை இலவசம். கூடவே பயணம் செய்யலாம். ஆனால் பாஸ் வாங்கும்போதே கேட்டுப் பெறவேண்டும், தானாக வராது. 16 வயது முடிந்த பிள்ளைக்கு இளையோர் பாஸ்தான். மூத்த பிள்ளைக்கு ஆகஸ்டில் 16 முடிகிறது என்றால் பயணத்தை ஜூனில் வைப்பதே ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். பாஸ் விலை என்றைக்கு வாங்கினாலும் ஒன்றுதான் என்பதால் இதைக் கடைசியில் வாங்கினால் போதும்.

மலைக்குப் போகும் நாளை முன்கூட்டியே நிர்ணயிக்காதீர்கள். லுசேர்னில் இருக்கும் நாள்களில் எந்தக் காலை மேகமில்லாமல் விடிகிறதோ அன்று போங்கள். பெரும்பாலான மலை நிலையங்களில் நேரலைப் படக்கருவி உண்டு. காலை ஏழு மணிக்குப் பார்த்து முடிவெடுக்கலாம். முன்பதிவு செய்து வைத்துவிட்டு, கொடுத்த காசு போய்விடுமே என்று வெள்ளைப் புகைக்குள் ஏறி இறங்குபவர்கள் ஏராளம். மூவாயிரம் மீட்டருக்கு மேல் தலைவலியும் மூச்சுவாங்கலும் சாதாரணம். இதய நோயுள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகட்டும், இல்லையேல் ரிகியோடு நின்றுகொள்ளட்டும். நமக்கு விசா தேவையில்லாததால் காப்புறுதியை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் மலையில் கால் முறிந்து ஹெலிகாப்டர் வந்தால் பெரிய பில் வரும். காப்புறுதியில் மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு மேலே போட்ட தொகை, காலையில் அறையில், மதியம் பேரங்காடியில் வாங்கிய உணவு, இரவு சமையல் அல்லது எளிய கடை என்ற கணக்கில். சுவிட்சர்லாந்தில் உணவகத்தில் நால்வர் உட்கார்ந்து எழுந்தால் 120 பிராங்க் ஒரு வேளைக்கே போய்விடும். கோப், மிக்ரோஸ் கடைகளில் மாலையில் பாதி விலை ஒட்டிய உணவுகள் கிடைக்கும். ஞாயிறன்று பெரும்பாலும் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். சனியன்றே வாங்கி வைக்கவேண்டும். குழாய்த் தண்ணீரும், குடிக்கலாகாது என்று பலகை போடாத தெரு நீரூற்றுத் தண்ணீரும் குடிக்கத்தக்கவை. பாரிஸில் லா ஷப்பல் பகுதி ஈழத்தமிழர் கடைகளால் நிறைந்தது. மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பக்கந்தான். சோறு கறி அங்கே சுற்றுலாத் தலங்களைவிட மிக மலிவு.

நம்மவர்கள் பெட்டியில் வைக்கும் பொருள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகத் தடை. நெய் போத்தல், பால்கோவா, கோழி ரெண்டாங் எல்லாம் குப்பைத் தொட்டிக்குத்தான். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். மசாலாத்தூள், ரசப்பொடி, ஊறுகாய், காய்ந்த நெத்திலி ஆகியவற்றுக்குத் தடையில்லை. (சான்றிதழ் தேவைப்படாத ஐந்து பழங்களில் டுரியானும் ஒன்று. விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள் என்பது வேறு கதை.) சோற்றுப்பானை கொண்டுபோகிறவர்கள் பிளக்கைக் கவனிக்கவும். மின்னழுத்தம் நம்முடையதைப் போலத்தான், ஆனால் நம் மூன்று கால் பிளக் எங்கும் பொருந்தாது. சுவிஸ் துளை வேறு வடிவம். பிரான்சுக்கென்று விற்கும் தடித்த வட்ட மாற்றி அதில் நுழையாது. கைப்பேசிக்கான மெல்லிய மாற்றியில் 700 வாட் பானையைச் செருகினால் மாற்றி உருகும். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் வரும் பள்ளி விடுமுறை நல்லது. ஏரிப் படகுகள் முழு அட்டவணையில் ஓடும், ஜூலை நெரிசலும் விலையும் இன்னும் வந்திருக்காது. தீபாவளி விடுப்பை ஒட்டி நவம்பரில் போகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும். பல மலை ரோப்கார்கள் பராமரிப்புக்காக மூடும் காலம் அது. கோமோ ஏரிக்கரை விடுதிகளில் பல குளிர்காலம் முழுவதும் திறப்பதில்லை. அறை மலிவாகக் கிடைக்கும், பார்க்க வந்தது கிடைக்காது.

காசு கட்டும் வரிசை இப்படி இருக்கட்டும். ஆறு மாதம் முன்பு விமானமும், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளும். பாசல்–பாரிஸ் விரைவு ரயில் விற்பனை திறந்தவுடன். கடைசி வாரத்தில் வாங்கினால் இரண்டு மடங்கும் ஆகலாம். லூவர் அருங்காட்சியகம் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாத பெரியவர்களுக்கு 32 யூரோ. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், நேரம் மட்டும் முன்பதிவு செய்யவேண்டும். அட்டையில் பணம் செலுத்தும்போது இயந்திரம் ‘ரிங்கிட்டிலா, யூரோவிலா’ என்று கேட்டால் யூரோ, சுவிட்சர்லாந்தில் பிராங்க் என்றே அழுத்துங்கள். ரிங்கிட்டை அழுத்தினால் அந்த மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். பிராங்க் ரொக்கம் கொஞ்சமாகப் போதும். மீந்த சில்லறையை ஈப்போ பணமாற்றுக் கடைகளில் வாங்கமாட்டார்கள்.

மலேசியக் கடப்பிதழுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டாம். எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். கடப்பிதழ் அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாகவேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், முதல் முறை நேரமாகும். இடையில் ஒரு ஷெங்கன் நாட்டு நகரில் விமானம் மாறினால் அந்தச் சோதனை அங்கேயே நடக்கும். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியுள்ள டிக்கெட் வேண்டாம். எட்டியாஸ் என்ற இணைய முன்னனுமதி 2026 கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் கட்டணமில்லை. அதற்குள் அதே பெயரில் கூடுதல் பணம் கேட்கும் போலித் தளங்கள் முளைத்திருக்கின்றன. லண்டனையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் பிரிட்டனுக்குத் தனி இணைய அனுமதி வாங்கவேண்டும் என்பதை நினைவில் வைக்கவும்.

கடைசியாக உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ‘9 நாள், 7 நாடு’ என்ற குழுச் சுற்றுலா விளம்பரங்களில் விலை பெரிய எழுத்திலும், சேராதவை கண்ணுக்குத் தெரியாத எழுத்திலும் இருக்கின்றன. மலை ரயில், ஏரிப் படகு, ஊர் வரி, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தரவேண்டிய அன்றாட டிப்ஸ், மதிய உணவு ஆகியவை பெரும்பாலும் தனி. இவற்றைக் கூட்டினால் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் ஏறும். விடுதி நகருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தால் இரவில் வெளியே போகும் டாக்சிச் செலவு வேறு. இத்தகைய விளம்பரங்களை வெளியிடும்போது சேராதவற்றின் பட்டியலையும், சுற்றுலா அமைச்சு வழங்கிய உரிம எண்ணையும் விலையின் அளவு எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்று நிபந்தனை வைப்பீர்களா?

இப்படிக்கு,
பயணக் கணக்குப் பார்க்கும் வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.